பக்கத்து வீட்டில் அடி விழும்போது

மதுரை செல்லூர் பக்கம் ஒரே சுவரைப் பங்கு போட்ட வீடுகள் நிறைய. ஒரு வீட்டில் அடி விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு" என்று கதவைச் சாத்திக்கொள்ளத் தேவையில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-ன்படி யார் வேண்டுமானாலும், இதற்கென்றே அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. அடி நடக்கிற நேரத்தில் 112-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கும் தங்க இடத்துக்கும் 181.

அடி வாங்கியவளைத் தனியே பார்க்கும்போது, "நீ ஏன் எதிர்த்துப் பேசுன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கழுத்தைப் பிடித்தானா என்று கேளுங்கள். குரல் கம்மியிருந்தால், எச்சில் விழுங்க வலித்தால், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்வீக்கம் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும். கழுத்தை நெரிக்கத் துணிந்தவன் அடுத்து கொலை வரைக்கும் போகக்கூடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசு ராஜாஜி மருத்துவமனைக்கே போனாலும் பலருடைய வழக்கு கெடுவது காயத்தைப் பதிகிற அந்த மேசையில்தான். கூடவே மாமியார் நிற்பார், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று இவள் சொல்வாள். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், அந்த வரி அப்படியே ஏறும். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வாசிப்பதும் அதே வரியைத்தான். ஆகவே துணைக்கு நீங்கள் போங்கள். மருத்துவரிடம் அவள் தனியே பேச வழி செய்யுங்கள். யார், எதால், எத்தனை மணிக்கு அடித்தார் என்று சொல்லட்டும். கன்றிய இடத்தை அன்றும் மறுநாளும் படமெடுத்து உங்கள் போனில் வையுங்கள். அவள் போனை அவன் பார்ப்பான். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் திரும்ப வேண்டாம்.

ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத்தாளில் "இனி கை நீட்ட மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவைப்பார்கள். அதை மீறினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அவளை அடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அம்மா வீடு மேலூரில் என்றால் இந்த உத்தரவு கேட்டு அந்தப் பகுதி நீதிமன்றத்திலேயே மனு போடலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். அதனால் மனுவோடேயே, வழக்கு முடியும்வரை செல்லும் இடைக்கால உத்தரவையும் கேட்கச் சொல்லுங்கள்.

அவள் வீட்டை விட்டுக் கிளம்பும் நாள்தான் ஆபத்து அதிகம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை அடகு ரசீது எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு முன்கூட்டியே உங்கள் வீட்டில் வாங்கி வையுங்கள். போனில் இருப்பிடம் காட்டுவதை அணைத்துவிடட்டும். எந்த ஊர், எந்த பஸ் என்று தெருவில் யார் கேட்டாலும் உங்களுக்குத் தெரியாது.