அரியர் விழுந்தால் ஸ்காலர்ஷிப் நிற்குமா?

செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் காலை ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் ஜன்னலில் கூட்டம் அலைமோதும். சேலத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் பையனும் சரி, அம்மாபேட்டை தறிக்கார வீட்டுப் பெண்ணும் சரி, கேட்பது ஒன்றைத்தான்: "சார், ரெண்டு அரியர் விழுந்துடுச்சு, ஸ்காலர்ஷிப் போயிடுமா?"

"எனக்கு அட்டெண்டன்ஸ் 71 சதவீதம், பணம் வருமா?" என்று மட்டும் யாரும் கேட்டதாக ஞாபகமில்லை. நான் பார்த்தவரை அரியரால் பணம் இழந்தவர்கள் கொஞ்சம்தான். அட்டெண்டன்ஸிலும், ரெனியூவல் போடாமல் விட்டதிலும், வங்கிக் கணக்குக் குழப்பத்திலும் இழந்தவர்கள்தான் அதிகம்.

எந்த ஸ்காலர்ஷிப் என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும் முடியாது. ஒன்று மார்க்கைப் பார்க்கும், இன்னொன்று அடுத்த வகுப்புக்குப் போனாயா என்று பார்க்கும், மற்றொன்று கல்லூரிக்கு வருகிறாயா என்பதோடு விட்டுவிடும்.

நம் மாவட்டத்தில் நிறையப் பேர் வாங்குவது போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து தருவது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கட்டாயக் கட்டணங்கள் போக, கைச்செலவுக்கும் ஒரு தொகை உண்டு. எஸ்.சி. மாணவர் பி.ஏ., பி.எஸ்சி. போன்ற சாதாரணப் பட்டப்படிப்பு படித்தால், வீட்டிலிருந்து வருபவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய், விடுதியில் இருப்பவருக்கு 6,000. பொறியியல், மருத்துவம் என்றால் 7,000, விடுதிக்கு 13,500. எஸ்.டி. திட்டத்தில் மாதக் கணக்கு. பி.ஏ., பி.எஸ்சி.க்கு மாதம் 300, விடுதிக்கு 570. இந்தக் காலத்தில் 300 ரூபாயில் என்ன வரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கட்டணம் கழிகிறதே, அதுதான் பெரிது.

இந்த போஸ்ட் மெட்ரிக் உதவி ஒரு முறை கிடைத்தால் படிப்பு முடியும்வரை தொடரும், ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நன்னடத்தையும் ஒழுங்கான வருகையும் நிபந்தனை. அரியர் விஷயத்தில் இதன் விதி மாணவர் பக்கம்தான். பல்கலைக்கழக விதிப்படி ஒரு மாணவர் கீழ் வகுப்புத் தாள்களில் தேறாமலேயே மேல் வகுப்புக்கு அனுப்பப்பட்டால், அந்த மேல் வகுப்புக்கான உதவித்தொகை அவருக்கு உண்டு. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் நடப்பதே அதுதானே? முதலாம் ஆண்டில் மூன்று தாள் நின்றாலும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காரலாம். பின்னால் எழுதித் தேறிக்கொள்ளலாம். ஆக, அரியர் என்பதற்காகவே இந்தப் பணம் நிற்காது.

நிற்பது எப்போது என்றால், மேல் வகுப்புக்கே போக முடியாமல் அதே வகுப்பில் தங்கிவிடும்போது. அங்கேயும் கொஞ்சம் தளர்வு உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற முதல் பிரிவுப் படிப்புகளில் முதல் தடவை தோற்றால் உதவியைத் தொடரலாம் என்கிறது விதி. இரண்டாம் தடவையும் தோற்றால் அடுத்த வகுப்புக்குத் தேறும்வரை சொந்தச் செலவு. உடம்பு சரியில்லாமலோ எதிர்பாராத வேறு காரணத்தாலோ ஆண்டுத் தேர்வே எழுத முடியாமல் போனவருக்கும் வழி இருக்கிறது. மருத்துவச் சான்றோ தகுந்த வேறு ஆதாரமோ கொடுத்து, எழுதியிருந்தால் தேறியிருப்பார் என்று கல்லூரி முதல்வரும் சான்று தந்தால் புதுப்பிக்கலாம். இது பலருக்குத் தெரியாது. மாணவர் மருத்துவமனையில் கிடந்திருப்பார், வீட்டில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டைக்கூடப் பத்திரப்படுத்தியிருக்க மாட்டார்கள்.

எங்கள் காலத்தில் நாங்கள் மாணவர்களுக்குப் படித்துக் காட்டாமல் விட்ட இன்னொரு பகுதியும் அதே விதிகளில் உண்டு. தன் தவறால் போதிய முன்னேற்றம் காட்டவில்லை, அனுமதியில்லாமல் கல்லூரிக்கு வருவதில்லை, வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார் என்று முதல்வர் எழுதி அனுப்பினால், உதவியை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியும். முன்அனுமதி இல்லாமல் பாடப்பிரிவையோ கல்லூரியையோ மாற்றினாலும் ரத்துதான். கணிதத்தில் சேர்ந்து பிடிக்காமல் பக்கத்து வகுப்புத் தமிழுக்கு மாறினேன் என்பவர்கள், மாறுவதற்கு முன்னால் செக்‌ஷனுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மாறிய பிறகு வந்தால் எங்களால் ஆகக்கூடியது குறைவு.

மார்க்கைப் பார்க்கும் ஸ்காலர்ஷிப்புக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் தன் பாடத்திட்ட வாரியத்தில் 80 பெர்சென்டைலுக்கு மேல், அதாவது தேர்வு எழுதியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள், வந்தவர்களுக்கு மத்தியக் கல்வி அமைச்சகம் தரும் சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப் அது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சம் வரை இருக்கலாம். முதல் மூன்று ஆண்டுக்கு வருடம் 12,000 ரூபாய், முதுகலைக்குப் போனால் 20,000. பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கும் தொலைதூரப் படிப்புக்கும் கிடையாது. இதைப் புதுப்பிக்க ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும்.

அந்த 50தான் சிக்கல். இளநிலைத் தாளில் தேற 40 போதும். ஒரு பெண் ஆறு தாளில் 42, 45, 47, 44, 50, 48 வாங்குகிறார் என்று வையுங்கள். அரியர் ஒன்றுகூட இல்லை. வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். கூட்டினால் 600க்கு 276, அதாவது 46 சதவீதம். புதுப்பிக்க முடியாது. பிளஸ் டூவில் நன்றாக எழுதியதால் கிடைத்த பணம், கல்லூரியில் ஆங்கில வழிக்கு வந்து திணறும் முதல் வருடத்திலேயே கைவிட்டுப் போகிறது. அரசுப் பள்ளியில் தமிழ் வழி படித்து வந்தவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்பது நான் பார்த்து வைத்திருக்கும் கணக்கு. "பாஸானால் போதும்" என்று முதல் செமஸ்டரில் இருந்துவிட்டால், இரண்டாம் செமஸ்டரில் எட்டிப் பிடிக்க வேண்டிய தூரம் அதிகமாகிவிடும்.

பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வருமான வரம்பு இல்லை, வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதை வாங்கலாம். இந்தத் திட்டம் மார்க் பட்டியலைப் புரட்டுவதில்லை, படிப்பைத் தொடர்கிறாரா என்றுதான் பார்க்கிறது. பாதியில் நின்றால் பணமும் நின்றுவிடும். போஸ்ட் மெட்ரிக் அப்படியல்ல. அதை வாங்குபவர் அதே போன்ற இன்னொரு ஸ்காலர்ஷிப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, எது லாபம் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்.சி. பிரிவில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் மேலே சொன்ன 12,000க்கும் இதற்கும் நடுவே நிற்பதுண்டு. கட்டணம் எவ்வளவு கழிகிறது என்று பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சரி, அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் என்றதும் பிள்ளைகள் மனக்கணக்கு போடுவது நாள் கணக்கில். செமஸ்டருக்கு 90 வேலை நாள், ஆக 22 நாள் லீவு போடலாம் என்று. பல கல்லூரிகளில் வருகை கூட்டப்படுவது மணி நேரக் கணக்கில். ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு என்றால் செமஸ்டருக்கு 450. அதில் 338 வந்தாக வேண்டும், தவறவிடக்கூடியது 112தான். இப்போது ஏற்காட்டுப் பையனை நினைத்துப் பாருங்கள். நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ வீடு. டவுனுக்கு வந்து பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் இன்னொரு டவுன் பஸ் மாறி வகுப்புக்குள் நுழையும்போது முதல் வகுப்பு முடியும் நேரம். தினமும் அந்த ஒன்று மட்டும் போனாலே 90 போய்விட்டது. மிச்சம் 22 மணி நேரம், நாலரை நாள்கூட இல்லை. ஒரு காய்ச்சல் வந்தால் தீர்ந்தது.

அதோடு காப்பிப் பழம் பறிக்கும் காலமும் வந்துவிடும். நவம்பரில் ஆரம்பித்து ஜனவரி வரை மலையில் ஆள் கிடைக்காது. எஸ்டேட் கூலிக்குப் போகும் வீட்டில் கல்லூரிப் பிள்ளையும் இரண்டு கைதான். மூன்று வாரம் பறிக்கப் போனால் அது அடுத்த செமஸ்டரின் வருகையைத் தின்றுவிடும். கீழே செவ்வாப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் தூங்கிவிடும் பையன்களுக்கும் இதே கதை. இவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வருகைப் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டம் கிடையாது.

வருகை 65க்கும் 75க்கும் இடையில் விழுந்தால் பொதுவாகக் கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கு மன்னிப்பு, வாங்கித் தேர்வு எழுதலாம். கட்டணம் உண்டு, மருத்துவச் சான்று கேட்பார்கள். அதற்கும் கீழே போனால் என்ன ஆகும் என்பது உங்கள் கல்லூரியின் விதிப் புத்தகத்தில் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகளில் அவரவர் விதி. ஒன்றைக் கலந்து குழப்பிக்கொள்ளக் கூடாது: கண்டோனேஷன் என்பது தேர்வு எழுத அனுமதி. கல்லூரி உங்களை ஹாலில் உட்கார விட்டதாலேயே, 75 சதவீதம் கேட்கும் ஸ்காலர்ஷிப்பும் மன்னித்துவிட்டது என்று ஆகாது.

பொதுவாக எல்லோருக்கும் வரும் தடை என்றால் அது வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அந்த மாதிரி நாளில் வர முடியாத பிள்ளைகள் திரும்பி வந்த அன்றே துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நாலு பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. மார்ச் மாதம் வந்து "அப்ப ரோடு இல்ல சார்" என்றால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

படிப்பில் ஒரு குறையும் இல்லாமல் பணம் நிற்பதும் உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவர் தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் ரெனியூவலுக்குப் பதில் புதிய விண்ணப்பம் போட்டுவிடுவார். பிரௌசிங் சென்டரில் இருப்பவருக்கு அவசரம், எது திறக்கிறதோ அதில் அடித்துவிடுவார். அது தள்ளுபடி ஆகும். மாணவர் போட்ட விண்ணப்பத்தைக் கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அனுப்பாமல் கெடு தாண்டிய வருடத்தையும் பார்த்திருக்கிறேன், அதில் மாணவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அதனால் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், பத்து நாள் கழித்து அதே தளத்தில் நுழைந்து நிலவரம் பாருங்கள். கல்லூரி அளவிலேயே நிற்கிறது என்றால் ஜன்னலுக்கு வந்து சத்தம் போடலாம், தப்பில்லை.

வங்கி விஷயத்தில் எல்லோரும் ஏமாறும் இடம், ஆதாரை இணைப்பது. பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அரசுப் பணம் வருவது, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு எந்த வங்கி இருக்கிறதோ அங்கே. கடைசியாக எந்த வங்கியில் சீடிங் (அந்தப் பட்டியலில் ஆதாரை ஏற்றுவது) செய்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். யாரோ கேட்டார்கள் என்று கல்லூரி வாசலில் ஒரு புதுக் கணக்கு திறந்திருப்பீர்கள், பணம் அதில் போய்க் கிடக்கும். மை ஆதார் தளத்தில் நுழைந்தால் எந்த வங்கி என்று காட்டும்.

மலையாளி என்னும் நம் மலைவாழ் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எஸ்.டி. சாதிச் சான்று தாசில்தார் கையெழுத்தில் வராது, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப்-கலெக்டர் தர வேண்டும். விசாரணைக்கு நாள் பிடிக்கும். கல்லூரி அட்மிஷன் வரை காத்திருக்காமல் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே போட்டு வையுங்கள். வருமானச் சான்றைப் பழையதை வைத்து ஓட்ட முடியாது, விண்ணப்பம் திறக்கும் முன்பே இ-சேவை மையத்தில் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, படிப்பை விட நினைப்பவர்களுக்கு. வருடத்தின் நடுவே நின்றுவிட்டால், அந்த வருடம் வாங்கிய போஸ்ட் மெட்ரிக் தொகையைத் திருப்பிக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. கல்விக் கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் வாங்குபவர் பாதியில் நின்றாலும் மானியம் போய்விடும், மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. அதனால் டி.சி. கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஏப்ரல் பரீட்சை எழுதிட்டுப் போக முடியுமாப்பா?" என்பதுதான். பாதிப் பேர் முடியும் என்பார்கள். எழுதிவிட்டு, அதில் சிலர் ஜூன் மாதம் ரெனியூவல் ஃபாரம் கேட்டு அதே ஜன்னலில் வந்து நிற்பார்கள்.