சுவீடனில் ‘அதிகம்’, தோட்டத்தில் ஒரு போத்தல்

மூன்று மாதங்களுக்கு முன் தலவாக்கலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, என்னிடம் விஞ்ஞானம் படித்த ஒருவன் கைத்தொலைபேசியை நீட்டினான். “சேர், குடிக்கிறவர்களுக்கு ஒரு நரம்பு நோய் பாதியாகக் குறைகிறதாமே, உண்மையா?” அவன் கேட்டது தனக்காக அல்ல. அவனுடைய அப்பா தினமும் குடிப்பவர். சில காலமாக அவருக்குக் கால் தடுமாறுகிறது. செருப்பு கழன்று பின்னால் கிடந்தாலும் தெரியாமல் பத்தடி நடந்துவிடுவார். அந்தச் செய்தி யார் மூலமோ அவர் காதுக்கும் போய், குடிக்கு ஒரு நியாயமாகிவிட்டது.

செய்தி பொய்யல்ல. அந்த நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறை நன்றாக இருந்தால் செய்தி நொடிக்கு 100 மீற்றர் வேகத்தில்கூட ஓடும். எம்.எஸ். நோயில், கிருமியைத் தாக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் மூளைக்குள் நுழைந்து இந்த உறையையே அரிக்கின்றன. எலி கடித்த மின்கம்பி போலச் செய்தி தடுமாறும், சில இடங்களில் நின்றே போகும். பார்வை மங்கும், கால் வலுவிழக்கும், சில வாரங்களில் தேறும், பிறகு மீண்டும் வரும்.

2014 இல் வெளியான சுவீடன் ஆய்வு ஆயிரக்கணக்கான எம்.எஸ். நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டது. குடிக்காதவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், அதிகம் குடிக்கும் பெண்களுக்கு 0.6, ஆண்களுக்கு 0.5. 2008 கணக்குப்படி சுவீடனில் இலட்சம் பேரில் சுமார் 190 பேருக்கு எம்.எஸ். இருந்தது. பாதியாவது அந்தச் சிறிய எண்தான். பூமத்திய ரேகைக்கு அருகில் நோய் இன்னும் அரிது. நுவரெலியாவில் எவ்வளவு குளிர்ந்தாலும் நாம் இருப்பது 7 பாகை வட அகலக்கோட்டில். சந்தேகம் குளிரின் மீதல்ல, சூரிய ஒளிக் குறைவின் மீது.

மது நோயெதிர்ப்பைத் தணிக்கக்கூடும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஈரல் மதுவை அசற்றல்டிகைட்டாகவும் பிறகு அசற்றேற்றாகவும் உடைக்கிறது. இந்த அசற்றேற்று, உடலையே தாக்கும் பிறபொருளெதிரிகள் உருவாகத் துணைநிற்கும் கலங்களை மந்தமாக்குவதை 2020 இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள். ஆனால் அங்கே தணிந்தது மூட்டுவாதம்.

என்னை உறுத்துவது வேறு. எம்.எஸ். கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடல் சோர்ந்துவிடுகிறது. சோர்ந்தவர் குடியைக் குறைத்துக்கொள்கிறார். பிறகு அவரிடம் போய்க் கணக்கெடுத்தால், குடிக்காததால் நோய் வந்ததுபோலத் தெரியும். கால் நொந்தவர் மலை ஏறுவதை நிறுத்திவிடுகிறார். மலை ஏறாததால்தான் கால் நொந்தது என்று எழுதலாமா? இதைத் தவிர்க்க நல்ல வழி, நோய் வரும் முன்பே கேட்டுவைத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்வது. அமெரிக்காவில் தாதியரின் இரண்டு பெரும் குழுக்களை அப்படிப் பின்தொடர்ந்த ஆய்வு 2013 இல் வந்தது. மதுவுக்கும் எம்.எஸ். நோய்க்கும் அதில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

இனி அந்த ‘அதிகம்’ என்ற சொல். சுவீடன் ஆய்வில் ஆணுக்கு வாரத்துக்கு 168 கிராம் மதுவைத் தாண்டினால் அதிகம். நம் கடையில் விற்கும் 33.5 வீதச் சாராயம் 750 மில்லிலீற்றர் போத்தலில் கிட்டத்தட்ட 200 கிராம் தூய மது இருக்கிறது. ஆக, வாரம் முழுவதற்கும் ஒரு போத்தல் போதும், அந்த ஆய்வில் மேல் வரிசைக்குப் போய்விடலாம். என் மாணவனின் அப்பாவுக்கு ஒரு போத்தல் இரண்டு நாள். கசிப்பு என்ற கள்ளச்சாராயம் என்றால் அளவே கிடையாது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதும் காய்ச்சியவருக்கே வெளிச்சம். இவரைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை.

அவருடைய கால்களைப் பற்றிச் சொல்வது தயமின், அதாவது விற்றமின் பி1. குளுக்கோசிலிருந்து சக்தி எடுக்க நரம்புக்கு அது வேண்டும். உடலின் மொத்த இருப்பு ஏறத்தாழ 30 மில்லிகிராம், இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். மது குடலில் அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, குடிக்கிறவர் சாப்பாட்டையும் குறைக்கிறார். தேயிலைத் தோட்டத்துச் சாப்பாட்டில் பாதி கோதுமை மா ரொட்டி. தவிடும் முளையும் நீங்கிய வெள்ளை மாவில் தயமின் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கல் அரிசிச் சோறு இந்த விடயத்தில் எவ்வளவோ மேல். தயமின் பஞ்சமும் மதுவின் நேரடி நச்சும் சேர்ந்து மிக நீளமான நரம்புகளை முதலில் வீழ்த்துகின்றன. அதனால்தான் இரண்டு கால் பெருவிரல்களிலும் தொடங்கி, காலுறை போட்டதுபோல மரத்துக்கொண்டே மேலே ஏறுகிறது. மனக்குழப்பமும் கண் ஆட்டமும் சேர்ந்துகொண்டால் அது மூளையைத் தொட்டுவிட்டது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மாணவனின் அப்பாவை வைத்தியர் சோதித்தபோது நான் கூட இருந்தேன். இசைக்கவையைத் தட்டி, அதிர்வு தெரிகிறதா என்று பெருவிரல் எலும்பில் வைத்தார், “ஒன்றும் தெரியவில்லை” என்றார் அப்பா. கணுக்காலிலும் அதே பதில். முழங்காலில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குதிநாணில் சிறு சுத்தியலால் தட்டினார்கள். எம்.எஸ். என்றால் பாதம் பெரும்பாலும் வேகமாகத் துள்ளும். இவருடைய பாதம் அசையவே இல்லை. பழுது மூளையிலோ முண்ணாணிலோ அல்ல, காலின் நரம்பில்.

தயமின் ஊசி போட்டார்கள், குடியை நிறுத்தச் சொன்னார்கள். அறுந்த நரம்பிழை மீண்டும் வளர்ந்தாலும் நாளுக்கு 1 மில்லிமீற்றர் அளவுதான். முழங்காலிலிருந்து பெருவிரல் வரை சுமார் 45 சென்றிமீற்றர். கணக்குப் பார்த்தால் 450 நாள். இரண்டரை மாதமாக அவர் போத்தலைத் தொடவில்லை. செருப்பின் பின்பக்கம் சாக்குக் கயிற்றால் வார் கட்டிக்கொண்டு, கண்ணால் பாதத்தைப் பார்த்துப் பார்த்து லயத்துப் படியில் இறங்குகிறார்.