அலாக்தனஸ் கார்பன்: புறவரவுக் கரிமம்

காட்டு ஓடைகளைப் பற்றிப் படிக்கப் போனால் கொஞ்ச நேரத்திலேயே வழிமறிக்கும் சொல் 'அலாக்தனஸ்'. கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'க்தோன்' என்றால் மண். வேற்று மண்ணிலிருந்து வந்தது என்று பொருள். எதிர்ச்சொல் 'ஆட்டாக்தனஸ்', அதாவது அதே மண்ணில் பிறந்தது. பழைய ஏதென்ஸ்காரர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். நம் மேடைகளின் 'மண்ணின் மைந்தர்' போலத்தான். நிலவியலாளர்கள் இந்த இணையைப் பாறைக்கும் நிலக்கரிக்கும் சொல்வார்கள்: இருந்த இடத்திலேயே உருவானதா, நகர்ந்து வந்ததா?

ஓடைக்கு இது எதற்கு? குளத்தில் வெயில் விழும், பாசி வளரும், கரிமம் (கார்பன்) அங்கேயே உண்டாகும். அடர்காட்டுக்குள் ஓடும் சிற்றோடையில் வெயிலே சரியாகப் படாது. அதற்குக் கரிமம் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதுதான் அலாக்தனஸ் கார்பன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹப்பர்ட் புரூக் காட்டில் ஓடும் பேர் புரூக் என்ற ஓடைக்கு ஸ்டூவர்ட் ஃபிஷரும் ஜீன் லைக்கன்ஸும் கரிமப் பொருளில் அடங்கிய ஆற்றலை வைத்து வரவு செலவுக் கணக்கே போட்டு, 1973-இல் வெளியிட்டார்கள். ஆண்டு வரவில் 99 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. ஓடைக்குள் வளரும் மாஸ் (moss) என்ற சிறு செடிகள் தந்தது 1 சதவீதம்கூட இல்லை. அத்தனையும் சருகு என்று நினைத்துவிட வேண்டாம். சருகும், இலைகளில் பட்டுச் சொட்டும் மழைநீரும் சேர்ந்து 44 சதவீதம்தான். மீதி, மேலோடையிலிருந்தும் நிலத்தடிக் கசிவிலிருந்தும் நீரோடு வந்தது.

ஒரு மேப்பிள் இலை விழுகிறது என்று வையுங்கள். ஓரிரு நாளிலேயே அதன் சாறு, தேயிலைச் சாயம்போல, நீரில் இறங்கிவிடும். இது கரைந்த கரிமம். (ஆய்வகத்தில் பெரும்பாலும் 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளைத் தாண்டுவதெல்லாம் 'கரைந்தது'. வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லை, அவ்வளவுதான்.) அப்புறம் பூஞ்சைகள் வரும். 1942-இல் இங்கிலாந்தில் இங்கோல்ட் விவரித்த இந்த நீர்ப்பூஞ்சைகள் பலவற்றின் வித்துகளுக்கு நான்கு கைகள். ஓடும் நீரில் இலையைப் பற்றிக்கொள்ள அவை உதவும். பூஞ்சை ஊறி மெத்தென்று ஆன இலையைத்தான் கேடிஸ் ஈயின் புழுக்கள் விரும்பிக் கொறிக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகள் நீரோடு போகும். பூஞ்சையும் புழுவும் சுவாசித்து விடும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு காற்றில் கலக்கும்.

அந்தச் சருகையே நிறுத்திவிட்டால்? அமெரிக்காவின் வட கரோலினாவில், கவீட்டா என்ற ஆய்வுக் காட்டில் புரூஸ் வாலஸ் குழு ஓர் ஓடைக்கு மேலே வலை போட்டு இலை விழாமல் தடுத்தது. கொறிக்கும் பூச்சிகள் குறைந்ததோடு, அவற்றைத் தின்னும் பூச்சிகளும் குறைந்தன. முடிவு 1997-இல் வெளியானது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கார்பனில் சிக்கல் இல்லை. லத்தீன் 'கார்போ'வும் கரிதான், நம் 'கரிமம்' கரியிலிருந்தே வந்தது. இலங்கைப் பாடநூல்களில் 'காபன்'. அலாக்தனஸுக்கு 'வேற்றிடக் கரிமம்' என்றால் எந்த இடம் என்று கேள்வி வரும். 'வந்தேறி' பொருளில் நெருங்கினாலும் வேண்டாம். அது வசவாகிவிட்ட சொல். 'கரைவரவு' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் மேலோடையிலிருந்து வருவதை விட்டுவிடும். என் தேர்வு 'புறவரவு'. ஆட்டாக்தனஸுக்கு 'அகவிளைவு'. அகம், புறம் என்று பிரிப்பது தமிழுக்குப் புதிதில்லையே. முந்தையது வரவு, பிந்தையது விளைச்சல் என்பதும் தெளிவாகிவிடுகிறது. 'புறவரவுக் கரிமம்', 'அகவிளைவுக் கரிமம்' என்று எழுதலாம்.

ஒன்று மட்டும் கவனம். எது புறம் என்பது எல்லையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பேர் புரூக்கில் வந்ததில் 34 சதவீதம் அங்கேயே செலவானது, 66 சதவீதம் கீழே போனது. கீழோடைக்குக் கணக்கு எழுதும்போது இந்த 66-உம் புறவரவில்தான் சேரும், அதில் இருக்கும் மாஸ் துணுக்கு உட்பட.