துரு முதலில் தின்பது கண்ணில் படாத இடத்தை

எம்ஜிபி என்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறவர் விவரம் தெரிந்தவரானால், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் தரையில் குந்தி உட்காருவார். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டிப் பகுதியில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார். பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகடா, ஓட்டையை மறைக்கப் பூசிய வெறும் பட்டியா என்று காந்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிக்கள் உருவாயின. முந்தைய மாடலான எம்ஜிஏவுக்கு, பாரம் தாங்கும் சட்டமான சேஸிஸ் தனியாக உண்டு. இதற்கு உடலேதான் சேஸிஸ். கூரையில்லாத திறந்த வண்டியில், கூரை தாங்கியிருக்க வேண்டிய பாரமும் சில்களின் தலையில் விழுகிறது. பல தகடுகளை அடுக்கி வெல்டிங் செய்த கூடு அது. துரு குடியேறுவதும் அங்கேதான்.

காற்றும் ஈரமும் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் வெளிப்புறம்தானே முதலில் அரிக்க வேண்டும்? கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்ற உலோக அரிப்பு ஆய்வாளர் செய்துகாட்டிய எளிய சோதனை இதற்கு விடை சொல்கிறது. சுத்தமான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர். சொட்டின் ஓரத்துக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுப்பகுதிக்குக் கிடைப்பதில்லை. கரைவது நடுவில் உள்ள இரும்புதான். அது விட்டுச்செல்லும் எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. பள்ளம் ஓரிடம், துரு இன்னோரிடம்.

சில்லின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கு, அந்தச் சொட்டின் நடுப்பகுதியைப் போன்றது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அது சேற்றோடு உள்ளே போய், மின்னோட்டத்துக்கு நல்ல பாதை போட்டுத் தருகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். தகடுகளை நெம்பிப் பிரித்து மேலும் ஈரத்தை உள்ளே விடும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே கதை முடிந்திருக்கும்.

எலக்ட்ரான்களை இழந்ததால் வந்த வினை என்றால், அவற்றைத் திரும்ப ஊட்டினால் என்ன? வீட்டிலேயே செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சிறிது சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். (புதிய ரக சார்ஜர்கள் சில, பேட்டரி இல்லையென்றால் முறுக்கிக்கொண்டு வேலை செய்யாது, பழையதே உத்தமம்.) துருப்பிடித்த பாகத்தில் எதிர்முனை, வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றில் நேர்முனை. பாகத்தின்மீது ஹைட்ரஜன் குமிழ்கள் எழும்பித் துருவை உரிக்கும். எஞ்சியதில் ஒரு பகுதி கறுப்பாக மாறும், பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். நல்ல இரும்புக்குச் சேதமில்லை.

ஆனால் ஹைட்ரஜன் வெடிக்கும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, நஞ்சான குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வரும். அலுமினியக் கலவையால் ஆன கார்புரேட்டர் உடலைக் காரநீர் அரித்துவிடும். ஸ்பிரிங்குகளையும் முக்கக் கூடாது: ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் கடினமான எஃகு நொறுங்கும் தன்மை அடைகிறது. வெளியே எடுத்த பாகத்தை உடனே உலர்த்திப் பிரைமர் அடிக்காவிட்டால், சற்று நேரத்திலேயே செம்படலம் படரும்.

இந்த வித்தை பிராக்கெட், தட்டு, நெம்புகோல் போன்ற சிறு பாகங்களுக்குத்தான். மின்னோட்டம் பெரும்பாலும் நேர்முனையைப் பார்த்திருக்கும் முகத்தில்தான் வேலை செய்யும். சில்லின் உட்புறத்தை எட்டாது. போன இரும்பும் திரும்பாது. ஆகவே சில்லை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்வதைத் தவிர வழியில்லை. அதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து இறுக்க வேண்டும். அவசரக்காரர்கள் அதை விட்டுவிடுவார்கள். வண்டி நடுவில் லேசாகத் தொய்ந்துபோகும். புதுச் சில் அந்தத் தொய்வை அப்படியே நிலைக்க வைத்துவிடும். பல மாத வேலைக்குப் பிறகு கதவை மாட்டிப் பார்த்தால், அது சாத்தாது.