வாட்ச் எண்ணுவது துடிப்பையா, காலடியையா?

"காலையில் மெதுவோட்டம் போகிறேன். ஐந்தாவது நிமிடத்திலேயே வாட்சில் இதயத்துடிப்பு 168 என்று வருகிறது. நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினால் 34, 35தான் தேறுகிறது. நிமிடத்துக்கு 140ஐத் தாண்டவில்லை. பழுது வாட்சிலா, என் கணக்கிலா, இதயத்திலா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அநேகமாக மூன்றிலும் இல்லை. அந்த 168 சரியாக எண்ணப்பட்ட எண்ணாகவே இருக்கும். எண்ணப்பட்டவை அவருடைய காலடிகள், அவ்வளவுதான். மெதுவோட்டத்தில் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைப்பது பலருக்கும் வழக்கம். இதயத்தைத் தேடிப் போன வாட்ச் வழியில் கால்களைக் கண்டு, அதையே பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. விளையாட்டுக் கருவிகளோடு பழகியவர்கள் இதை 'கேடன்ஸ் லாக்' என்பார்கள். நாம் காலடிப் பூட்டு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பூட்டு எப்படி விழுகிறது என்று புரிய, வாட்சின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே மினுக்கும் பச்சை எல்இடி விளக்குகளும், பக்கத்திலேயே வெளிச்சத்தை அளக்கும் ஒளியுணரியும் இருக்கும். ஒலிவாங்கியோ அழுத்தமானியோ கிடையாது. வாட்ச் உங்கள் இதயத்தைக் கேட்பதில்லை, தொடுவதில்லை. தோலுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, திரும்பி வருவது எவ்வளவு என்று பார்க்கிறது. இதயம் ஒருமுறை சுருங்கியதும் எழும் ரத்த அலை ஏறக்குறைய 0.2 விநாடியில் மணிக்கட்டுக்கு வந்து, அங்குள்ள நுண்தமனிகளைச் சற்றே உப்ப வைக்கிறது. அந்த நொடியில் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடுதல். ரத்தம் கூடினால் விழுங்கப்படும் வெளிச்சமும் கூடும், திரும்பி வருவது குறையும். அடுத்த நொடி பழையபடி ஆகும்.

ஏன் பச்சை? ரத்தம் சிவப்பாகத் தெரிவதன் காரணமே இதற்கும் பதில். ஹீமோகுளோபின் சிவப்பைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பச்சையை விழுங்குகிறது. 530 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகிலுள்ள பச்சை ஒளிக்கு ரத்தத்தின் சிறு ஏற்ற இறக்கமும் பெரிதாகத் தெரியும். இன்னொரு வசதியும் உண்டு. பச்சை ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகாது. தசைநார்கள் அசைந்து குழப்பும் ஆழத்துக்கு இறங்காமல், மேலே இருக்கும் நுண்ணிய நாளங்களோடு திரும்பிவிடும். அகச்சிவப்பு ஒளி ஆழம் போகும், ஆகவே அசையும்போது குழப்பமும் அதிகம். சில வாட்சுகள் உறக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கும், ஓட்டத்தில் பச்சைக்கும் மாறிக்கொள்வது இதனால்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஃபோன் கேமராவையும் அதன் ஃபிளாஷையும் ஒரே விரல் நுனியால் மூடி அரை நிமிடம் வீடியோ எடுங்கள். திரை முழுக்க ஒரே சிவப்பு. உற்றுப் பார்த்தால் அந்தச் சிவப்பு மங்கிப் பிரகாசிப்பது தெரியும், ஒவ்வொரு மங்கலும் ஒரு துடிப்பு. இப்போது விரலை லென்சின் மேல் அழுத்துங்கள். அசைவு நின்றுவிடும், ரத்தத்தைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டீர்கள். வாட்ச் பட்டையை இறுக்கிக் கட்டினாலும் இதுவேதான் நடக்கும். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் விளக்கையும் ஒளிமின்கலத்தையும் வைத்துத் தோலின் ரத்த ஓட்டத்தை அளந்த உத்தி இன்று எல்லோர் மணிக்கட்டிலும் மினுக்குகிறது.

சிக்கல், அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு சிறியது என்பதில் இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து திரும்பும் மொத்த வெளிச்சத்தில் துடிப்பால் மாறும் பங்கு ஒரு சதவீதம் தேறினால் அதிகம். மீதியெல்லாம் தோல், கொழுப்பு, தோலுக்கு நிறம் தரும் மெலனின், அசையாத ரத்தம். நூறு ரூபாயில் அரை ரூபாய் கூடிக் குறைவதை நொடிக்குப் பல பத்து முறை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குள் வெயிலும் வந்து கலக்கும். மரநிழலில் ஓடினால் இலையிடுக்கு வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கும். விளக்கு மினுக்குவதற்கு ஒரு காரணம் இதுவே: அணைந்திருக்கும் கணத்தில் வெளி வெளிச்சத்தை மட்டும் அளந்து, எரியும் கணத்தின் அளவிலிருந்து கழித்துவிடுகிறது வாட்ச்.

வெயிலைக் கழித்துவிடலாம், கையசைவைக் கழிப்பதுதான் பெரும்பாடு. ஓடும்போது ஒவ்வொரு காலடிக்கும் வாட்ச் தோலின் மேல் ஒரு நூலளவு நகர்கிறது. அதைவிட மோசம், சிரை ரத்தம். தமனியைப் போல அழுத்தத்தோடு ஓடாமல், பாதி நிரம்பிய தண்ணீர்க் குடம் தளும்புவது போல, கை வீசும் தாளத்துக்கு அது முன்னும் பின்னும் தளும்பும். 1974இல் ஜப்பானில் டக்குவோ அவோயாகி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு வழி கண்டபோது ஆதாரமாக எடுத்துக்கொண்டது, 'துடிப்பது தமனி ரத்தம் மட்டுமே' என்ற எண்ணத்தை. படுக்கையில் அசையாமல் கிடக்கும் நோயாளிக்கு அது பொருந்தும். ஓடுகிறவர் கையில் சிரையும் 'துடிக்கும்', காலின் தாளத்தில், சமயத்தில் இதயத்தைவிடப் பலமாக.

ஆகவே வாட்ச் ஒரு சாட்சியை அழைக்கிறது. உள்ளே இருக்கும் முடுக்கமானி, கை எந்தத் தாளத்தில் அசைகிறது என்று சொல்லும். ஒளியுணரியின் கடைசிச் சில விநாடிப் பதிவை எடுத்து, அதில் என்னென்ன தாளங்கள் ஒளிந்திருக்கின்றன என்று கணிதத்தால் பிரிக்கிறார்கள். அதை வரைபடமாகப் போட்டால், நம் வாசகரின் பதிவில் பலமான தாளம் உள்ள இடங்களில் இரண்டு மேடுகள் எழும்: 140இல் ஒன்று, 168இல் ஒன்று. முடுக்கமானியில் 84இலும் 168இலும் மேடு இருக்கும். இரண்டு அடிக்கு ஒருமுறைதான் ஒரு கை முன்னால் வருகிறது, அது 84. ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் உடம்பு முழுக்கப் பரவுகிறது, அது 168. அசைவில் இருப்பதைத் தள்ளு, மிஞ்சும் 140தான் இதயம். எனக்குத் தெரிந்த குறும்பான துப்பறியும் வேலைகளில் இதுவும் ஒன்று.

தோற்பது எங்கே? இரண்டு இடங்களில். முதலாவது, தொடக்கத்தில். உடம்பு சூடாகாதபோது தோலின் நாளங்கள் சுருங்கிக் கிடக்கும், இதயத்தின் மேடு பள்ளத்தோடு பள்ளமாகத் தெரியும். காலின் மேடோ முதல் அடியிலிருந்தே ஓங்கி நிற்கும். அதைத் தள்ளிவிட்டால் மிஞ்ச ஒன்றுமே இல்லை என்று கண்ட நிரல், தள்ளியதையே எடுத்துக்கொள்கிறது. ஓடுகிறவருக்கு 168 என்பது நம்பக்கூடிய துடிப்பு வேறு!

இரண்டாவது, குறுக்குச் சந்திப்பில். எட்டு விநாடிப் பதிவை வைத்துக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு ஏழெட்டுத் துடிப்புக்கும் நெருக்கமான இரு தாளங்களைத் தெளிவாகப் பிரிக்க முடியாது. நேரத்தைக் கூட்டினால் பிரியும், ஆனால் எண் காலதாமதமாக வரும். மேட்டில் ஏறும்போது உண்மையான துடிப்பு 150, 160 என்று ஏறி 168ஐ நெருங்கும்போது இரண்டு மேடுகளும் ஒன்றாகிவிடும். பிறகு துடிப்பு 150க்கு இறங்கினாலும் வாட்ச் பழைய மேட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

பூட்டு விழுந்திருக்கிறதா என்று அறிவது எளிது. நின்றுவிடுங்கள். இதயம் சட்டென்று இறங்காது, பத்து விநாடியில் சில துடிப்புகள் குறைந்தால் பெரிது. எண் 168இலிருந்து 138க்கு ஒரே தாவாகத் தாவினால் அது கால்தான். கழுத்தில் எண்ணுவதும் சரியான வழியே, ஒரு பக்கம் மட்டும், மெதுவாகத் தொட்டு, நின்ற உடனே 15 விநாடி எண்ணுங்கள். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். இரு பக்கமும் சேர்த்து அழுத்த வேண்டாம், தலை சுற்றும்.

பூட்டு விழாமல் இருக்க: மணிக்கட்டில் புடைத்து நிற்கும் எலும்பின் மேல் கட்டாமல், முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள், ஓட்டத்துக்கு இரண்டு விரல். வாட்சை விரலால் தள்ளினால் தோலும் சேர்ந்து நகர வேண்டும். வாட்ச் மட்டும் வழுக்கினால் தளர்வு, கை மரத்தால் இறுக்கம். ஐந்து நிமிடம் வேகமாக நடந்து தோலைச் சூடாக்கிவிட்டு ஓடத் தொடங்குங்கள். முடிந்ததும் ஒரு துளை தளர்த்தி, அடிப்பக்கத்தின் வியர்வையையும் சோப்பையும் துடையுங்கள். வருகிற அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான், பச்சை வெளிச்சம் அல்ல. பச்சை குத்தியிருக்கும் இடத்தின் மேல் கட்டிவிட்டு எண்ணை எதிர்பார்க்க வேண்டாம், மை வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

எடை தூக்கும்போது எப்படிக் கட்டினாலும் பயனில்லை. டம்பெல்லை இறுகப் பிடித்தால் முன்கைத் தசைகள் நாளங்களை நெரிக்கும், தசைநார்கள் வாட்சுக்கடியிலேயே நெளியும், கால் தாளம் போல ஒழுங்கான அசைவும் இல்லை. அதற்கும், 30 விநாடி வேகம், 30 விநாடி ஓய்வு என்ற இடைவெளிப் பயிற்சிக்கும் மார்புப் பட்டை வாங்குவதே புத்திசாலித்தனம். அது ஈசிஜி போல இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாத பட்டையை 1982இலேயே கொண்டுவந்துவிட்டது. பட்டையின் இரண்டு மின்முனைகளையும் தண்ணீரில் நனைத்துத்தான் கட்ட வேண்டும். வறண்ட தோலில், பாலியெஸ்டர் பனியன் உரசும்போது முதல் ஐந்து நிமிடம் 210, 220 என்று கண்டபடி காட்டும், பயப்பட வேண்டாம். முடிந்ததும் பட்டையில் பொத்தான் போல மாட்டியிருக்கும் மின்னணுப் பகுதியைக் கழற்றிவிடுங்கள். ஈரப் பட்டையிலேயே மாட்டி வைத்தால் உடம்பில்தான் இருக்கிறோம் என்று நினைத்து மின்கலத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

தோல் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். மெலனின் பச்சை ஒளியை விழுங்கும். துடிப்போடு அது மாறுவதில்லை என்பதால் கொள்கையளவில் விளக்கைக் கூட்டிச் சமாளிக்கலாம், மின்கலம்தான் சீக்கிரம் தீரும். ஆனால் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் வேறு கதை. கறுப்பின நோயாளிகளில் உண்மையான ஆக்சிஜன் குறைவை மருத்துவமனை ஆக்சிமீட்டர்களே கூடுதலாகத் தவறவிடுவதை 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் ஊர்த் தோலில், நம் வியர்வையில் இந்த வாட்சுகளைச் சோதிக்க ஒரு மார்புப் பட்டையும் ஓடுபொறியும் நாற்பது தன்னார்வலர்களும் போதும். ஒரு பொறியியல் கல்லூரிக்கு இந்தச் சிறு தொகை கிடைப்பது, ராக்கெட்டுக்குப் பணம் கிடைப்பதைவிடக் கடினமாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

சரி, எண் சரியாக வருகிறது. அதை வைத்து என்ன செய்வது? உழைப்பின் கடுமைக்கேற்பத் துடிப்பை மண்டலங்களாகப் பிரித்து, வாட்ச் 'மண்டலம் 2' என்று வண்ணம் காட்டும். அதன் அடியில் இருப்பது பெரும்பாலும், ஒருவரின் உச்சத் துடிப்பைக் கணிக்கும் '220 கழித்தல் வயது' என்ற பழைய வாய்ப்பாடு. குறிப்பாக இதற்கென நடத்திய சோதனையிலிருந்து பிறந்ததல்ல அது, 1971 வாக்கில் கிடைத்த தரவுகளின் மேல் உத்தேசமாகப் போட்ட கோடு. 2001இல் வந்த '208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு' சற்று மேலானது. 65 வயதில் முதலாவது 155 என்று சொல்லும், இரண்டாவது 162 என்று சொல்லும். எதை எடுத்தாலும் ஒருவருக்கு ஒருவர் பத்துத் துடிப்பு கூடலாம், குறையலாம்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று வாட்சின் அமைப்புப் (செட்டிங்ஸ்) பக்கத்தில் இருக்கிறது. 45 வயது, உச்சம் 176, ஓய்வில் 65 என்று வையுங்கள். உச்சத்தில் 60 முதல் 70 சதவீதம் என்றால் 106 முதல் 123. உச்சத்துக்கும் ஓய்வுக்கும் உள்ள இடைவெளியில் அதே சதவீதம் எடுத்து ஓய்வுத் துடிப்பைக் கூட்டினால் 132 முதல் 143. ஒரே சதவீதம், இருபது முதல் இருபத்தாறு துடிப்பு வித்தியாசம்! வாட்ச் எந்தக் கணக்கைப் போடுகிறது என்று பார்க்காமல் நண்பரின் மண்டலத்தோடு ஒப்பிடாதீர்கள். ஓய்வுத் துடிப்பைக் காலையில் எழுந்ததும், காபிக்கு முன், படுத்தபடியே ஒரு வாரம் குறித்து, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

'மனிதனுக்கு இத்தனை துடிப்பு என்று எழுதி வைத்திருக்கிறது, ஓடினால் சீக்கிரம் தீர்ந்துவிடும்' என்பவர்களுக்கும் இந்த எண் பதில் சொல்லும். நாள் முழுதும் சராசரி 70 என்றால் 1,00,800 துடிப்பு. தினம் ஒரு மணி நேரம் 140இல் ஓடி, பழக்கத்தால் மற்ற நேரத்தில் 60க்கு இறங்கியவருக்கு 91,200. கஞ்சத்தனம் பார்ப்பவரும் ஓடத்தான் வேண்டும்.

வெயில் காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அதே வேகத்தில் ஓடினாலும் முக்கால் மணி நேரத்தில் எண் பத்து, பதினைந்து ஏறியிருக்கும். வியர்த்து ரத்தத்தின் நீர்ப்பங்கு குறைகிறது, குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போகிறது, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு இறங்குகிறது. எண்ணிக்கையைக் கூட்டித்தான் இதயம் ஈடுகட்ட முடியும். இது வாட்சின் பிழை அல்ல. மே மாதச் சென்னையில் வேகத்தைக் குறைத்து எண்ணை ஏறாமல் நிறுத்துங்கள், எண்ணை விட்டு வேகத்தைப் பிடிக்காதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்கு அடினோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மேலே சொன்ன மண்டலக் கணக்கு எதுவும் பொருந்தாது. மருந்தின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடிப்பது. 110இலேயே அவர்களுக்கு மூச்சு வாங்கலாம், வாட்சோ இன்னும் வேகம் போதாது என்று அதிரும். அந்த அறிவிப்பை அணைத்துவிட்டு, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு நடந்தால் போதும். எவ்வளவு வரை போகலாம் என்பதை டிரெட்மில் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்வார்.