ஆளுக்கு எட்டு, சேர்ந்தால் ஆறு: அமெரிக்க ஜோடி ஸ்கேட்டிங்கின் தாவல் கணக்கு

இந்த சீசனிலும் அமெரிக்க ஜோடிகளிடம் அதே காட்சிதான். பையன் பெண்ணைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் ஆடாமல் அசையாமல் மேலே போகிறது. மேலே எறிந்து பிடிக்கும் ட்விஸ்ட்டில் அந்தப் பெண் மூன்று சுற்றும் முடித்துப் பையனின் கைக்குள் சுத்தமாக வந்து விழுகிறாள். அவன் வீச, அவள் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கும் த்ரோவும் சரி. அடுத்து இருவரும் கையை விட்டுவிட்டு, அருகருகே ஓடி, ஒரே நேரத்தில் தனித்தனியாகத் தாவ வேண்டும். அவள் மூன்று சுற்று, அவன் இரண்டு. அடுத்த போட்டியில் அவன் மூன்று, அவள் கீழே. வெளியே வந்ததும் பயிற்சியாளர் சொல்லும் ஒரே வாக்கியம்: "வார்ம்-அப்பில் அத்தனையும் போட்டார்களே!"

போட்டிருப்பார்கள். அதில் சந்தேகமில்லை. வார்ம்-அப் தாவலை வைத்துக் கணக்குப் போடுவதுதான் தப்பு. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு. "ரெண்டு பேருக்குமே டிரிபிள் (மூன்று சுற்றுத் தாவல்) எண்பது சதவீதம் வருது, போதும்" என்பார்கள். பெற்றோர் சொல்கிறார்கள், ரசிகர்கள் சொல்கிறார்கள், விவரம் தெரிந்த பயிற்சியாளர்களே சொல்கிறார்கள். போதாது. தயவுசெய்து ஒரு காகிதத்தை எடுங்கள். அவளுக்குப் பத்துக்கு எட்டு, அவனுக்கும் பத்துக்கு எட்டு. இருவரும் ஒரே முயற்சியில் சரியாக இறங்குவது எத்தனை? எட்டு அல்ல. 0.8 பெருக்கல் 0.8, அதாவது நூற்றுக்கு 64. ஜோடியாக அவர்கள் பத்துக்கு ஆறுதான். இத்தோடு முடியவில்லை. முதலில் ஆடும் குறுகிய ஷார்ட் ப்ரோக்ராமில் ஒரு தாவல், அடுத்து ஆடும் நீண்ட ஃப்ரீ ஸ்கேட்டில் ஒரு தனித் தாவல், அடுத்தடுத்துத் தாவும் காம்பினேஷன் ஒன்று என்று மொத்தம் மூன்று இடம். மூன்றும் சுத்தமாக வர 0.64-ஐ மூன்று முறை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். வருவது நூற்றுக்கு 26. ஆக, "எண்பது சதவீத" ஜோடி நான்கு போட்டிக்குச் சென்றால் ஏறக்குறைய ஒன்றில்தான் மூன்று தாவலும் சுத்தமாக விழும். ஆளுக்குத் தொண்ணூறு என்றாலும் 53-தான் வருகிறது. ஆளுக்கு 95 வரை ஏற்றினால்தான் நான்கில் மூன்று போட்டி என்ற நிலைக்கு வரலாம்.

இந்தக் கணக்கும் கொஞ்சம் தாராளமானதுதான். ஒருவர் தாவுவது மற்றவரைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் பக்கத்தில் ஓடும் துணையின் பிளேடு சத்தம் தாளம் தப்பினாலே காது அதைப் பிடித்துவிடும், உடம்பு ஒரு கணம் தயங்கும், கை முன்னதாகவே விரிந்து சுற்று குறைந்துவிடும். அதைத்தான் 'பாப்' என்கிறோம்.

அடுத்தது, "விழுந்தா ஒரு பாயிண்ட்தானே போகும்" என்ற பேச்சு. டிரிபிள் டோ லூப் என்ற தாவலின் அடிப்படை மதிப்பு 4.20. இருவரில் ஒருவர் இரண்டே சுற்று சுற்றினால், குறைந்த தாவல்தான் கணக்கில் ஏறும். டபுள் டோ லூப்புக்கு 1.30. யாரும் விழவில்லை, பார்ப்பவருக்கு அழகாகக்கூடத் தெரியும், ஆனால் மூன்று புள்ளி போய்விட்டது. ஷார்ட் ப்ரோக்ராமில் ஒரே சுற்றாக விரிந்துவிட்டால் அந்த எலிமெண்டுக்கு (மதிப்பிடப்படும் அசைவுக்கு) மதிப்பே கிடையாது. சுற்று குறைவு என்று, சுற்றுகளைச் சரிபார்க்கும் டெக்னிக்கல் பேனல் குறித்துவிட்டால் 4.20 என்பது 3.36 ஆகும். இருவரும் விழுந்து, எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதற்கு நடுவர்கள் போடும் தரப் புள்ளியில் முழு மைனஸ் ஐந்து விழுந்தால் 2.10 கழியும், ஆளுக்கு ஒன்று வீதம் வீழ்ச்சிக்கு இன்னும் 2.00 கழியும். மிஞ்சுவது 0.10. இதற்கு மேல் பலர் பார்க்கத் தவறும் இடம், ஆட்டத்தை மொத்தமாக அளக்கும் காம்போனென்ட் மதிப்பெண். வீழ்ச்சி இருந்தால் நடுவர்கள் உச்ச மதிப்பெண் தர முடியாதபடி விதியே தடுக்கிறது. ஃப்ரீ ஸ்கேட்டில் மூன்று காம்போனென்டிலும் கால் கால் புள்ளி குறைந்தால், 2.67 என்ற பெருக்கத்தால் முழுதாக இரண்டு புள்ளி இறங்கும்.

இரண்டு புள்ளி பெரிதா என்று கேட்பவர்கள் பாஸ்டனில் நடந்த 2025 உலக சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். ஜப்பானின் ரிக்கு மியூரா, ரியூயிச்சி கிஹாரா 219.79. ஜெர்மனியின் ஹாஸே, வோலோடின் 219.08. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.71. டிரிபிள் டோ லூப்பில் ஒரு தரப் படி 0.42 என்பதால், இரண்டு படிக்கும் குறைவான வித்தியாசம். அமெரிக்க ஜோடிகள் எஃபிமோவா, மித்ரோஃபனோவ் ஆறாவது. எல்லி காம், டேனி ஓஷே ஏழாவது.

2018 ப்யோங்சாங் ஒலிம்பிக்கை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஷார்ட் ப்ரோக்ராமில் ஜெர்மனியின் ப்ரூனோ மாஸோ டிரிபிள் சால்கோ என்ற தாவலை டபுளாக்கிவிட்டார். துணை அல்யோனா சவ்சென்கோவும் அவரும் நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ஃப்ரீ ஸ்கேட்டில் உலக சாதனை படைத்து, 0.43 புள்ளியில் தங்கத்தைப் பிடித்தார்கள். "பாருங்க, தப்பு செஞ்சும் ஜெயிக்கலாம்" என்று இதை உதாரணம் காட்டுகிறார்கள். அந்தத் தப்பை ஈடுகட்ட அவர்களுக்கு ஒரு உலக சாதனை தேவைப்பட்டது. உங்கள் ஜோடியிடம் அது கைவசம் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

அமெரிக்க ஜோடிகளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாய் பாபிலோனியா, ராண்டி கார்ட்னர் 1979-இல் உலக சாம்பியன். கேரதர்ஸ் அண்ணன் தங்கைக்கு 1984 சரயேவோவில் வெள்ளி. ஜில் வாட்சன், பீட்டர் ஒப்பகார்டுக்கு 1988 கால்கரியில் வெண்கலம். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கின் ஜோடிப் பிரிவில் அமெரிக்காவுக்குப் பதக்கம் இல்லை. 2006 டூரினில் ரேனா இனோவே, ஜான் பால்ட்வின் த்ரோ டிரிபிள் ஆக்சல் என்ற மூன்றரைச் சுற்று வித்தையை ஒலிம்பிக்கிலேயே முதன்முறையாக இறக்கினார்கள். வந்த இடம் ஏழு. ஒரு பெரிய வித்தை மட்டும் ஜோடியை மேடையேற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அலெக்சா கினீரிம், பிராண்டன் ஃப்ரேஷர் 2022-இல் மோன்பெலியேவில் 221.09 புள்ளியுடன் உலகப் பட்டம் வென்றபோது, 1979-க்குப் பிறகு 43 ஆண்டு கழித்து அது அமெரிக்காவுக்கு வந்தது. ரஷ்ய, சீன ஜோடிகள் அங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டு சைதாமாவில் ஃப்ரீ ஸ்கேட்டில் அவர்களே முதலிடம்: 142.84-க்கு 141.44. மொத்தத்தில் 217.48, மியூரா, கிஹாராவோ 222.16. வெள்ளி. ஷார்ட் ப்ரோக்ராமில் விட்ட ஆறு புள்ளியை நான்கு நிமிடத்தில் மீட்க முடியவில்லை. ஷார்ட் ப்ரோக்ராமின் அந்த 2 நிமிடம் 40 விநாடியில் எதை விட்டாலும் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று உலக சாம்பியன்களையே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, தாவல் ஏன் நிலைக்கவில்லை? "பதற்றம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பதற்றம் எல்லா நாட்டு ஜோடிக்கும் உண்டு. எங்கள் தொழிலில் காரணத்தை முதலில் தாவலுக்கு முந்திய ஓட்டத்தில்தான் தேடுவோம்.

டோ லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமாகச் சுற்றுபவர் வலது பிளேடின் உள் விளிம்பில் த்ரீ டர்ன் (முன்னோக்கி ஓடிப் பின்னோக்கித் திரும்புவது) போட்டு, வலது பின் வெளி விளிம்பில் நின்று, இடது பிளேடின் நுனிப் பல்லான டோ பிக்கைப் பனியில் குத்தி எழும்புகிறார். குத்தும் சத்தம் இருவருக்கும் கேட்கும், அதுவே ஒரு தாளக்கட்டு. சால்கோவில் குத்தும் கால் கிடையாது. இடது பின் உள் விளிம்பில் காத்திருந்து, வலது காலை வீசி எழும்ப வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது விளிம்பின் ஆழத்தைப் பொறுத்தது. உயரமான பையன் ஆழமாகச் சாய்ந்தால் அவன் வளைவு இறுகி, இருவருக்கும் நடுவே இடைவெளி விரியும். அதைச் சரிக்கட்ட அவள் அவசரப்படுவாள். அந்த அவசரத்தில்தான் டிரிபிள் டபுளாகிறது. வெளியே நிற்பவர் கண்ணுக்கு அவள் தவறு. வீடியோவை மூன்று விநாடி பின்னால் ஓட்டினால் தவறு, காலைக் குறுக்கே வைத்து வேகமெடுக்கும் அவன் கிராஸ்ஓவரில் இருக்கும். கால் நீளமானவன் ஒரே தள்ளலில் அவளைவிட முன்னே போய்விடுகிறான். அவன் அடியைச் சுருக்க வேண்டுமே தவிர, அவள் ஓட்டத்தைக் கூட்டக் கூடாது.

இதோடு துணை மாறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரேஷர் 2017-இல் ஹேவன் டென்னியுடன் தேசிய சாம்பியன், 2020-இலிருந்து கினீரிமுடன். ஓஷே 2016-இல் டாரா கெய்னுடன் சாம்பியன், 2024-இல் எல்லி காமுடன். எஃபிமோவா அமெரிக்காவுக்கு வருமுன் ஜெர்மனிக்காக இன்னொருவருடன் ஆடியவர். லிஃப்ட் புதுத் துணையோடு சில மாதங்களில் படிந்துவிடும். ஒன்றாக எழும்பும் தாளம் அப்படிப் படிவதில்லை. ஒவ்வொரு உடம்பும் பத்துப் பதினைந்து வருடமாகத் தனி ஸ்கேட்டராகப் பழகிய வேகத்தையே கூட்டிக்கொண்டு வருகிறது. பல ரிங்குகளில் அவளுக்கு ஒரு ஜம்ப் கோச், அவனுக்கு வேறொருவர், ஜோடிக்கு மூன்றாமவர். இவர் "காத்திரு" என்கிறார், அவர் "சீக்கிரம் எழும்பு" என்கிறார். இரண்டும் சரிதான், ஆனால் ஒரே பனியில் ஒரே நேரத்தில் அல்ல!

பயிற்சியாளர்களுக்கு இனி நேராகவே சொல்கிறேன். ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று பத்தி: அவள், அவன், இருவரும் சேர்ந்து. இசையோடு முழு ரன்-த்ரூ ஓடும்போது போடும் முதல் முயற்சி மட்டுமே அதில் ஏறும். இரண்டாவது முயற்சி எவ்வளவு அழகாக வந்தாலும் எழுதக் கூடாது, போட்டியில் இரண்டாவது வாய்ப்பு இல்லை. யார் எண்ணுவது என்பதை முடிவு செய்யுங்கள். ஒருவர்தான் எண்ண வேண்டும்: தள்ளலுக்கு ஒன்று, த்ரீ டர்னுக்கு இரண்டு, எழும்ப மூன்று. இருவரும் மனதுக்குள் தனித்தனியாக எண்ணினால் பயனில்லை. லிஃப்ட் முடிந்த கையோடு தாவலை வைக்காதீர்கள். அவன் தொடையில் பலம் இருக்காது. ரன்-த்ரூவில் அவன் தாவல் மட்டும் தொடர்ந்து குறைந்தால் வரிசையை மாற்றிப் பாருங்கள், அவனைத் திட்டுவது அப்புறம்.

பிளேடைப் போட்டிக்கு முந்திய நாள் தீட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புதிதாகத் தீட்டிய விளிம்பு பனியை வேறு மாதிரி கடிக்கும், சால்கோ அதில்தான் முதலில் கெடும். காலணி மாற்றுவதும் சீசன் நடுவில் வேண்டாம்.

பெற்றோரிடம் ஒரு கெஞ்சல். உங்கள் பெண் தனித் தாவலிலும் த்ரோவிலும் ஒரே காலில்தான் இறங்குகிறாள். த்ரோவில் உயரமும் தூரமும் கூட, அதனால் அடியும் கூட. ஜம்ப் கோச் தாவலை எண்ணுகிறார், ஜோடிக் கோச் த்ரோவை எண்ணுகிறார், அந்தக் கால் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. நாளின் மொத்தத்தை எண்ண ஆளில்லை என்றால் நீங்களாவது எண்ணுங்கள். கணைக்கால் எலும்பிலோ பாதத்தின் நடுவிலோ ஒரு விரலை வைத்து "இங்கதான் வலிக்குது" என்று அவள் சுட்டிக் காட்டினால், அன்றே தாவல் நிற்க வேண்டும், விளையாட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐஸ் ஒத்தடம் கொடுத்து மறுநாள் அனுப்பாதீர்கள். சோர்வு அழுத்த முறிவாக (திரும்பத் திரும்ப அடி வாங்கி எலும்பில் விழும் விரிசலாக) மாறும் வழி இதுதான், ஒரு சீசனே போய்விடும். வலிக்கும் காலை நம்பி எழும்பும் உடம்பு தானாகவே சுற்றைக் குறைத்துக்கொள்ளும். அதையும் "மனசு சரியில்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

இறுதியாக, எந்தத் தாவலைப் போடுவது என்ற முடிவு. டிரிபிள் சால்கோ 4.30, இரண்டரைச் சுற்றான டபுள் ஆக்சல் 3.30. வித்தியாசம் சரியாக ஒரு புள்ளி. சுத்தமான டபுள் ஆக்சலுக்கு பிளஸ் இரண்டு கிடைத்தால் 3.96. தடுமாறி மைனஸ் இரண்டு வாங்கும் டிரிபிள் சால்கோ 3.44. ஒருவர் டபுளாக்கினால் 1.30. மேடைக்குப் போட்டியிட டிரிபிள் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. அதைக் கோடையில் கட்டுங்கள், சின்னப் போட்டிகளில் போட்டு விழுந்து பழகுங்கள். தேசியப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நோட்டின் மூன்றாவது பத்தியைத் திறங்கள். கடைசி இருபது ரன்-த்ரூவில் "சேர்ந்து" என்பது பத்தைத் தாண்டவில்லை என்றால் டபுள் ஆக்சலைப் போடுங்கள். முன்கூட்டிக் கொடுத்த எலிமெண்ட் பட்டியல் யாரையும் கட்டுப்படுத்தாது, மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதை அன்றே இருவரிடமும் சொல்லிவிடுங்கள், ஆறு நிமிட வார்ம்-அப்பில் போய்ச் சொல்லாதீர்கள்.