பழைய கணினிக்கு ரேம் வாங்கப் போகிறீர்களா?

பத்து வயது தாண்டிய மேசைக் கணினி. பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்ததுமே திக்கித் திணறுகிறது. கேபினெட்டுக்குள் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பிராசசருக்கு வயதாகிவிட்டது என்று பலர் கணினியையே மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிராசசரின் குற்றமே இல்லை. அந்தக் கரகரப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்தான் ரேம். அதில் இடம் தீர்ந்தாலும் விண்டோஸ் நின்றுவிடுவதில்லை. உடனே தேவைப்படாத தரவுகளை ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவருகிறது. ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி போதும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்குக்கோ ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி நொடி ஆகும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகரும் நேரமும் சேர்ந்தால், வித்தியாசம் லட்சம் மடங்கு. கூடுதல் ரேம் பிராசசரை வேகமாக்குவதில்லை. டிஸ்க்குக்காக அது காத்துக்கிடக்கும் நேரத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் கடைக்குப் போகுமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமான வேலைகளின் நடுவே மெமரி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 90ஐத் தாண்டினால் ரேம் போடலாம். பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுவதே புத்திசாலித்தனம்.

ரேமுக்குள் நடப்பது வியப்பானது. ஒரு பிட்டுக்கு (0 அல்லது 1) ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு மின்தேக்கி. ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டெனார்டுக்கு 1968இல் காப்புரிமை கிடைத்த இந்த எளிய அமைப்புதான் இன்றும் தொடர்கிறது. மின்தேக்கியோ ஓட்டைக் குடம். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை படித்து மறுபடி நிரப்ப வேண்டும். 4 ஜிபி ரேமில் இப்படி 3,400 கோடிக்கும் அதிகமான மின்தேக்கிகள்!

எந்த ரேம் பொருந்தும்? 2011இல் வந்த இன்டெல் எச்61 சிப்செட் மதர்போர்டையே எடுத்துக்கொள்வோம். அது ஏற்பது டிடிஆர்3 தலைமுறை ரேம், அதிகபட்சம் 16 ஜிபி. அடுத்த தலைமுறையான டிடிஆர்4க்கு மின்னழுத்தமும் வேறு, அடிப்பக்க வெட்டு இருக்கும் இடமும் வேறு, அழுத்தினாலும் ஏறாது. ஒரே 8 ஜிபி ஸ்டிக்கைவிட (ரேம் பலகை) இரண்டு 4 ஜிபி ஸ்டிக் நல்லது. ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு போகும் வழிதான் சேனல்; ஒரு சேனலில் 64 பிட் பாதை. 1333 வேகத்தில் (நொடிக்கு சுமார் 133 கோடி பரிமாற்றம்) அது நொடிக்கு 10.6 ஜிபி. இரண்டு சேனலும் ஒன்றாக இயங்கினால் இருமடங்கு. வேகம் வேறுபட்ட ஸ்டிக்குகளைக் கலந்து போட்டால், மெதுவானதன் வேகத்துக்கே இரண்டும் இறங்கிவிடும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மலிவாகக் கிடைக்கும் சில 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகள் ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டுமானவை. அவற்றில் ஒவ்வொரு சிப்பும் ஒரு நேரத்தில் 4 பிட் மட்டுமே தரும்; இன்டெல் மேசைக் கணினிகளின் மெமரி கன்ட்ரோலர் (ரேமைக் கையாளும் பகுதி) எதிர்பார்ப்பது 8 அல்லது 16 பிட் சிப். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, பூட்டினால் டிஸ்பிளே வராது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், "இன்டெல் போர்டில் ஓடுமா?" என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பூட்டுவது சுலபம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்துங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கை எடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கக் கூடும். வெட்டைப் பொருத்தி, இரு முனைகளையும் கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்துங்கள். திரை வராவிட்டால் பதற வேண்டாம். ஸ்டிக்கைக் கழற்றி, தங்க நிறத் தொடுமுனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

8 ஜிபி போட்டும் விண்டோஸ் மூன்று சொச்சம் ஜிபியையே பயன்படுத்துகிறதா? ரேமில் பழுதில்லை, உங்களுடையது 32 பிட் விண்டோஸ். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் சுமார் 430 கோடி; ஒரு முகவரிக்கு ஒரு பைட், அதாவது 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதி கிராபிக்ஸ் முதலிய சாதனங்களுக்குப் போய்விடும். 64 பிட் பதிப்பை நிறுவினால்தான் மீதி ரேம் பயனுக்கு வரும்.